மல்லுக்கட்டுக்கு நான் வைத்த பெயர்

நம்முடைய பழைய வகுப்பு வாட்ஸப் குழுவில் போன வெள்ளிக்கிழமை ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். கொழும்பில் இருக்கும் அவளுடைய பேரன் நாலைந்து நண்பர்களோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறான். மேசையில் கையால் கீறிய வரைபடம், பென்சில்கள், பல முகங்கள் உள்ள சிறிய கட்டைகள். "இதென்ன விளையாட்டோ தெரியா, விடியக் காலத்தால இருந்து எழும்பாம இரிக்கானுகள்" என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பதில் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை.

எனக்கு அந்த விளையாட்டுத் தெரியும். கல்முனையில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மாரி முழுக்க அதை விளையாடியிருக்கிறேன். கைப்பேசியில் விரலால் தட்டி முடிக்கக்கூடிய கதை அல்ல என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களில் பலர் என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தாவின் கல்யாணத்துக்கு வந்து சோறு தின்றவர்கள். அந்தக் கல்யாணம் ஏன் ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், நடந்தது என்று உங்கள் உம்மாமார் தங்களுக்குள் குசுகுசுத்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நடந்தது வேறு.

அப்போது நமக்குப் பதினொரு வயது. ராத்தாவுக்குப் பத்தொன்பது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். சட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வாப்பா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முடிவு வரட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அவர் இல்லை என்று சொல்லாததையே ராத்தா ஓம் என்று எடுத்துக்கொண்டு, கிடைத்த ஆங்கிலத் தாள்களை எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தாள். மீன் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டைக்கூடக் கழுவிக் காயவைத்து வாசிப்பாள்.

மச்சான் என்பது மாமியின் மகன், வாப்பாவின் தங்கச்சி மகன். இருபத்திரண்டு வயது. சவூதியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்து வீட்டில் வேலை பார்த்தார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது பிள்ளைகளின் சாமான்களில் கொஞ்சத்தை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. லீவில் வந்தவருக்கு அடுத்த விசா வரத் தாமதமானது. அவருக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை. மச்சானின் வாப்பாவோ எப்போதோ மௌத்தாகிவிட்டார். ஆகவே இரண்டு வீட்டையும் மச்சான்தான் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அவருக்குக் கல்யாணம். இது மாமி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவருடைய கடைசித் தங்கச்சி நம்மோடு படித்தவள். இந்தக் குழுவிலும் இருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மச்சான் கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதம்விதமான கட்டைகள் இருந்தன. இருபது முகக் கட்டையின் இலக்கங்கள் தேய்ந்திருந்தன. ராத்தா அவற்றின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மை பூசித் துடைத்தாள். பெட்டியைத் திறந்தால் ஒரு வாசம் வரும். இங்கே எந்தக் கடையிலும் இல்லாத வாசம்.

விளையாட்டு இப்படித்தான். ஒருவர் கதை சொல்வார்: நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்? மற்றவர்கள் ஆளாளுக்கு ஒரு வீரராக இருந்துகொண்டு செய்வதைச் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைக் கட்டை சொல்லும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது புத்தகத்தில் இருக்கும். கதை சொல்பவரே எதிரிகள் எல்லோரும். பேயும் அவர்தான், பூதமும் அவர்தான், நரியும் அவர்தான்.

எங்களுக்கு ராத்தா கதை சொன்னாள். மச்சான், அவருடைய தங்கச்சி, நான், மூன்று பேரும் வீரர்கள். வீட்டு மண்டபத்தில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பன்பாயில் இருந்து விளையாடினோம். வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். உம்மா அடுப்படியில் மரவள்ளி அவிப்பா, சம்பலோடு ஒரு தட்டில் கொண்டுவந்து நடுவில் வைப்பா. "இங்கிலீசு படிக்கிறானுகள்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லுவா. அதுவும் பொய்யில்லை. மச்சானுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க வராது. ராத்தாவுக்கு வாசிக்க வரும், ஆனால் ஒருவர் வாயால் பேசி அவள் கேட்டதே இல்லை. அவள் வாசிக்கும்போது அவர் உச்சரிப்பைத் திருத்துவார். அவர் கருத்துச் சொல்லும்போது அவள் அதைத் திருத்துவாள். ராத்தாவை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அங்க அந்தப் புள்ளைகள் இப்புடி விளையாடல்ல மச்சி. பிடிபட்ட ஆளுக்கு ஒண்டும் செய்ய ஏலா."

"அந்தப் புள்ளைகள் புத்தகத்த வாசிக்கல்ல மச்சான். இஞ்ச 'மே' எண்டு போட்டிரிக்கு, 'மஸ்ட்' எண்டு போடல்ல. பிடிபட்டவனுக்கும் ஒரு தரம் உதற உரிமை இரிக்கு."

ஒவ்வொரு விதியையும் முதலில் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொல்லி, கடைசியில் எங்களைச் சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். "இதுக்கு வேற கருத்து ஆருக்காவது இரிக்கா?" பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. நாங்கள் ஏதாவது சொன்னால் யோசிப்பாள். சரியென்றால் தன் தீர்ப்பை மாற்றுவாள்.

புத்தகத்தில் விசேட தாக்குதல்கள் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. வெட்டுவது, குத்துவது, அம்பு விடுவது எல்லாம் முன்பக்கங்களில் முடிந்துவிடும். இது வேறு: எதிரியின் கையில் இருக்கிற ஆயுதத்தைத் தட்டிவிடுவது, காலை இடறி விழுத்துவது, முட்டித் தள்ளிக்கொண்டு போவது, வெறுங்கையால் ஆளைப் பிடித்து அடக்குவது. ஒவ்வொன்றுக்கும் வேறு விதி. ராத்தாவுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான். மூன்று நாள் அதையே வாசித்தோம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்தோம். முதலாவது தட்டல். இரண்டாவது கால் வாரல். அந்தப் பெயரைக் கேட்டு மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். வாப்பாவின் மூத்த சகோதரரான பெரிய வாப்பா சங்கத் தேர்தலில் தோற்ற நாளிலிருந்து அந்தச் சொல்லைத்தான் சொல்லித் திரிந்தார். மூன்றாவது முட்டல்.

நாலாவதற்கு ராத்தா பள்ளிக்கூட அகராதியைப் பார்த்தாள். "மல்லுக்கட்டு எண்டு வெப்பம்" என்றாள்.

எழுதுவது என் வேலை. பழுப்புத் தாளில் உறை போட்ட, பள்ளிக்கூடத்துச் சீ.ஆர். கொப்பி ஒன்றில் விதிகளையும் அன்றன்றைய சண்டைகளையும் நான்தான் எழுதி வந்தேன். நான் பேனையைத் தூக்கிவிட்டேன்.

"மல்லுக்கட்டுற எண்டா உம்மாவும் மீன்காரனும் காலையில செய்யிறது. இது அதில்ல. இது கட்டிப்பிடி."

மச்சானின் தங்கச்சி கை தட்டினாள். "ஓம், கட்டிப்பிடி! அதான் விளங்குது!"

ராத்தா ஒரு கணம் தயங்கினாள். "அது சரியா வராது புள்ள."

"ஏன் சரியா வராது? கருத்துச் சொல்லுங்க."

அவள் காரணம் சொல்லவில்லை. மச்சான் எழும்பி, மழை விட்டதா என்று பார்க்கிறவர் போல வாசலுக்குப் போனார். காரணம் சொல்லாத தீர்ப்புச் செல்லாது என்பது அவள் போட்ட சட்டம்தான். "சரி எழுது" என்றாள். எழுதினேன்.

ஒரு புதன்கிழமை பெரிய சண்டை நடந்தது. ஒரு பூதம் கிராமத்து ஆட்களைப் பிடித்துக் குகைக்குள் அடைத்து வைத்திருந்தது. நாங்கள் மூவரும் உள்ளே போனோம். பூதம் மச்சானின் வாளைத் தட்டிவிட்டது. பந்தமும் அணைந்துபோனது. மச்சான் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் அதப் பிடிச்சிக்கிறன். நீங்க ரெண்டு பேரும் ஆக்களக் கூட்டிக்கொண்டு ஓடுங்க." ஒவ்வொரு முறையும் ராத்தா உதறக் கட்டை போட்டாள், மச்சான் பிடிக்கக் கட்டை போட்டார். ஆறு முறை. ஆறு முறையும் அவருக்கே கூடுதலாக விழுந்தது. எங்களுக்குத் தொண்டை கட்டும்வரை கத்தினோம். கடைசியில் பூதம் விழுந்தது. ராத்தா பாயில் பொத்தென்று சாய்ந்து, நாக்கை வெளியே நீட்டிச் செத்துக் காட்டினாள். அவ்வளவு சிரிப்பு அவள் முகத்தில் பிறகு நான் கண்டதில்லை.

நான் அன்றே கொப்பியில் எழுதினேன். அதில் இருந்தது ஏறத்தாழ இதுதான்:

"இன்று மச்சான் ராத்தாவைக் கட்டிப்பிடித்தார். ராத்தா உதறினாள். மச்சான் விடவில்லை. எங்களை வெளியே ஓடச் சொன்னார். நாங்கள் ஓடினோம். உள்ளே இருட்டாக இருந்தது. மச்சான் ஆறு தரம் கட்டிப்பிடித்தார். கடைசியில் ராத்தா விழுந்துவிட்டாள்."

பூதம் என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை. பூதம் ராத்தாதானே.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கொப்பி கேட்டார்கள். தலைப்பு 'மழை நாள்'. என் கட்டுரைக் கொப்பிக்கும் பழுப்பு உறைதான். நான் மாறிக் கொடுத்துவிட்டேன்.

நம் தமிழ் வாத்தியார் நல்ல மனிதர். இதை நான் மனதாரச் சொல்கிறேன். அவர் அதை வேறொருவருக்கும் காட்டவில்லை, என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து குடையோடு எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். பத்திரிகையில் சுற்றிய கொப்பியை வாப்பாவின் கையில் கொடுத்தார். "நான் ஆருக்கும் காட்டல்ல. புள்ளைக்கு அடிச்சிராதீங்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் நினைத்திருப்பார்.

பெரிய வாப்பா அன்று பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இருவரும் கொப்பியை வாசித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"மகள், இது உன்ட எழுத்தா?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம் வாப்பா."

"இதுல எழுதியிரிக்கிறது நடந்ததா?"

அவர் என்னைப் பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஓம் வாப்பா. ஆறு தரமும் நான்தான் எண்ணின."

"நீ அப்ப எங்க நிண்ட?"

"நாங்க ரெண்டு பேரும் வெளிய ஓடிட்டம். மச்சான்தான் ஓடச் சொன்ன."

வாப்பா கொப்பியை மூடினார். பெரிய வாப்பா கூரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஏதோ பிழைத்துப் போனது தெரிந்தது. என்ன பிழை என்று தெரியவில்லை.

ராத்தாவைக் கேட்டபோது அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வாப்பாவின் மடியில் வைத்தாள். "இது விளையாட்டு வாப்பா. இதுல ராத்தா எண்டா பூதம். கட்டிப்பிடி எண்டா இந்த இங்கிலீசுச் சொல்லு. மல்லுக்கட்டுற." வாப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்தில் இருந்த படம்தான்: இடுப்புக்கு மேல் அரைகுறை உடுப்போடு ஒரு பெண், கீழே பாம்பு, அவள் ஓர் ஆணைச் சுற்றியிருந்தாள். பெரிய வாப்பா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று புத்தகத்தை மூடினார்.

"படத்தப் பாக்காதீங்க, எழுத்த வாசிங்க. இங்கிலீசு தெரிஞ்ச ஆரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க."

"ஊரைக் கூட்டிக் காட்டச் சொல்றியா?"

உம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "நான் இஞ்சதானே இருந்தன், என்ட கண்ணு முன்னால அப்புடி ஒண்டும் நடக்கல்ல" என்றா. "நீ அடுப்படிக்குள்ள இருந்த" என்றார் பெரிய வாப்பா. அத்தோடு உம்மாவின் சாட்சியம் முடிந்தது.

வாப்பா கொடியவர் அல்லர். அவர் மகளை நம்பத்தான் முயன்றார். அவருடைய கண்கள் அவளையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்ததை நான் கண்டேன். ஆனால் பெரிய வாப்பா விடவில்லை. சம்மாந்துறையில் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார், நாற்பது தாண்டியவர், அவருக்காக ஏற்கெனவே ஒருமுறை ராத்தாவைப் பெண் கேட்டிருந்தார்கள். இந்தக் கிழமைக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்றார். "அவனையும் ஒரு வார்த்தை கேப்பம்" என்றார் வாப்பா. என்னைத்தான் அனுப்பி மச்சானைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

மச்சான் நனைந்துகொண்டு வந்து வாசல் படியில் நின்றார். ராத்தா அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் நின்றாள். பெரிய வாப்பா கொப்பியில் இருந்ததை வாசித்துக் காட்டினார். "இவளச் சம்மாந்துறையாருக்குக் குடுக்கப்போறம். நீ உள்ளதச் சொல்லிட்டு உன்ட பாட்டில போ" என்றார்.

சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா சத்தமாகச் சொன்னாள்: "உண்மையச் சொல்லுங்க மச்சான்."

அவருடைய சாரத்திலிருந்து தண்ணீர் வடிந்து படியில் சேர்ந்தது. பிறகு வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம் மாமா. நடந்ததுதான். நான் மச்சியக் கல்யாணம் முடிக்கிறன்."

சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் காலடிச் சத்தம் அறைக்குள் போனது.

வாப்பா எழும்பிப்போய் அவரைத் தழுவிக்கொண்டு அழுதார். பெரிய வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். எல்லோருக்கும் பெரிய பாரம் இறங்கியது. எனக்கும்தான். மச்சான் இனி எங்கள் வீட்டிலேயே இருப்பார், ஒவ்வொரு நாளும் விளையாடலாம் என்று நினைத்து நான் துள்ளினேன்.

பெரிய வாப்பா பெட்டியைச் சீலைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார். கொப்பியை உம்மா சோற்றுப் பானைக்குக் கீழே வைத்து எரித்தா. இரண்டு நாள் கழித்து நானும் மச்சானின் தங்கச்சியும் கடற்கரைக்குப் போய்க் கட்டைகள் கரையில் ஒதுங்கியிருக்கிறதா என்று தேடினோம். சோகிச் சிப்பியும் மரத்துண்டுகளும்தான் கிடந்தன.

நிக்காஹ் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று பேர் அறை வாசலுக்கு வந்து ராத்தாவின் சம்மதம் கேட்டார்கள். அவள் பேசவில்லை. மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் பேசவில்லை. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். மச்சான் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். மாமி பந்தலுக்குள் வந்து சாப்பிடாமல் போனா. "என்ட ரெண்டு குமரும் நடுத்தெருவுல நிக்க, என்ட மகன வளைச்சிப் பிடிச்சிட்டா" என்று மௌத்தாகும்வரை சொன்னா. அந்தக் குற்றத்தை ராத்தா ஒருநாளும் மறுக்கவில்லை. யாரிடம் மறுப்பது? மாப்பிள்ளையே ஓம் என்று சொன்ன பிறகு?

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. சட்டம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. வாப்பா அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, "இனி அது மருமகன்ட விருப்பம்" என்றார். மச்சான் உடனே, "போங்க மச்சி. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, நான் பாத்துக்குவன்" என்றார்.

ராத்தா கடிதத்தை வாங்கி மடித்தாள். "உங்கட உத்தரவுல எனக்குப் படிக்க ஏலா" என்றாள்.

போகவில்லை. நாங்கள் எல்லோரும் அழுதோம், கெஞ்சினோம். போகவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அவள்மேல் கோபம் வரும். பிறகு அந்தக் கோபம் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே வந்து நிற்கும், என்மேல்.

மச்சான் திரும்பச் சவூதிக்குப் போனார். இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டதை நான் கேட்டதில்லை. "சோறு எடுத்து வெச்சிரிக்கு." "சின்னவனுக்குக் காய்ச்சல்." "நாளைக்கு மின்சார பில்லு." இப்படித்தான் அவர்களின் பேச்சு. ஊரில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? விரும்பி முடித்த சோடி, அதுதான் சண்டை சச்சரவில்லை என்று சொன்னார்கள்.

காலம் போகப்போக ராத்தாவிடம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். காணி உறுதி, தலாக் வழக்கு, ஓய்வூதியம் என்று ஏதாவது ஒரு தாளோடு வருவார்கள். அவள் வாசித்து விளக்கி மனு எழுதிக் கொடுப்பாள். ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு விதவைக்குக் காணி உறுதியில் ஒரு வரியை வாசித்துக் காட்டிவிட்டு, அவளிடமும் அவள் மகளிடமும் கேட்டாள்: "இதுக்கு வேற கருத்து ஆருக்காவது இரிக்கா?" வெளி விறாந்தையில் மச்சான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார், சவூதியை விட்டு வந்த புதிதில். பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது. அவர் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் எழும்பிப் போகும்வரை அப்படியே காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பகலில் நான் போய் இருப்பேன், ராத்தா வீட்டில் அவருக்குக் கஞ்சி காய்ச்சுவாள். ஒரு பகல் அவரே பேச்சை எடுத்தார்.

"அந்தச் சம்மாந்துறை ஆளத் தெரியுமா உனக்கு? முதல் பொஞ்சாதிக்கு அடிச்சி அடிச்சித்தான் அவ நோயில விழுந்த. அவர்ர தம்பி என்னோட சவூதியில இருந்தவன். அவன்ட வாயால கேட்ட நான்."

போர்வையை அவர் நெஞ்சுவரை இழுத்துவிட்டேன். அவர் தொடர்ந்தார்.

"இல்ல எண்டு சொல்லியிருந்தா ஆரு நம்புற? அவ சொல்லியே நம்பல்ல. நான் இல்ல எண்டா, அடுத்த கிழம அவ சம்மாந்துறையில. வேற வழி தெரியல்ல புள்ள எனக்கு."

"இத ஏன் மச்சான் ராத்தாட்ட சொல்லல்ல?"

"சொல்லப் போனன். கல்யாணம் முடிஞ்ச அண்டைக்கே. 'உங்கட பொய்யோட நீங்க இரிங்க' எண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டா. சரிதானே. அவ உண்மையச் சொல்லிக்கொண்டு நிண்டா, நான் அவவப் பொய்யாக்கிட்டன், அவட வாப்பாக்கு முன்னால. மறுகா ஒருநாள் சொன்னா, நான் உன்னக் காப்பாத்தின எண்டு பெருமை பேசுற மாதிரி இரிக்கும்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "எண்டைக்காவது அவவாக் கேப்பா எண்டு இருந்தன்."

பதினேழு நாள் கழித்து மௌத்தானார். ஜனாஸா எடுக்கும்போது ராத்தா அழவில்லை. பெண்கள் அதையும் பேசினார்கள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அவள் இருந்த மூன்றாவது மாதம் ஒரு நாள், அறையில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். முதலில் என் பாவத்தைச் சொன்னேன். அந்தச் சொல்லை வைத்தது நான், எழுதியது நான், கொப்பியை மாறிக் கொடுத்தது நான், வாப்பா கேட்டபோது ஆறு தரம் என்று சொன்னதும் நான். ராத்தா என் முழங்காலில் தட்டினாள். "பதினொரு வயசுப் புள்ள. நீ என்னத்தக் கண்ட?" என்றாள். "எனக்கு உன்னோட கோவமில்ல. அவரோடதான். அவர்ட வாயால இல்ல எண்டு ஒரு சொல்லு வந்திருந்தா, நம்பினாலும் நம்பாட்டியும், உண்மைக்கு ரெண்டு சாட்சி இருந்திருக்கும். நாப்பது வருசம் நான் அதுக்குத்தான் கோவிச்சிக்கொண்டு இருந்தன்."

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் வெள்ளைச் சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சம்மாந்துறை ஆள் அடிக்கிறவர் எண்டு எனக்கும் தெரியும்" என்றாள். "பொம்புளைகள் கதைக்கிறது எங்கட காதிலயும் விழும்தானே. அண்டைக்குச் சீலைக்குப் பின்னால நிண்டு நானும் அதையேதான் நெனச்சிக்கொண்டு நிண்ட."

"ராத்தா..."

"'மச்சி, என்ன செய்வம்?' எண்டு அவர் ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாம் புள்ள. ஒரேயொரு சொல்லு. கேட்டிருந்தா நானும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

அப்போதுதான் அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கியவள், பிறகு பொத்த முடியாமல் விட்டுவிட்டாள். அவளுடைய மகள் துருவிய தேங்காய் ஒட்டிய கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன சாச்சி, என்ன நடந்த? உம்மா ஏன் அழுறா?"

"உன்ட வாப்பாவ நெனச்சி அழுறா மகள்" என்றேன். "அழட்டும்."